பழகிய கையா, வளரும் கையா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை அமெரிக்கக் கால்பந்து பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஏறக்குறைய எல்லாக் கேள்விகளும் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கின்றன: அனுபவம் உள்ள குவாட்டர்பேக் ஒருவர் நன்றாகவே ஆடிக்கொண்டிருக்கும்போது, பின்னால் காத்திருக்கும் இளையவரின் திறனை எதை வைத்து எடைபோடுவது?

கேள்வி: மகன் டெக்சாஸில் இருப்பதால் இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். பதினொரு பேர் ஆடும்போது எல்லோரும் குவாட்டர்பேக்கைப் பற்றியே பேசுவது ஏன்? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தாக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. அநேகமாக ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவாட்டர்பேக் கைக்குத்தான் வரும். அவர் எறியலாம், ஓடுபவரிடம் கொடுக்கலாம், தானே ஓடலாம். கிரிக்கெட்டில் கேப்டனும் பேட்ஸ்மேனும் ஒரே ஆளாக இருந்து, ஒவ்வொரு பந்தையும் அவரே சந்திக்க வேண்டியிருந்தால் எப்படியோ, அப்படி.

அவருடைய வேலையில் பாதி பந்து வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஒரு முயற்சி முடிந்ததும் 40 நொடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். பயிற்சியாளர் ஹெல்மெட்டில் இருக்கும் ரேடியோ வழியே திட்டத்தைச் சொல்வார். கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்படும். அதற்குப் பிறகு எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்துத் திட்டத்தை மாற்றுவதும், யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று சரிசெய்வதும் அவர் பொறுப்பு. பந்து கைக்கு வந்தபின் முடிவெடுக்க இரண்டரை முதல் மூன்று நொடிதான் கிடைக்கும். அனுபவசாலிக்கும் புதியவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த 15 நொடியிலும் அந்த மூன்று நொடியிலும்தான் தெரியும்.

கேள்வி: நண்பர்களுக்குள் தீராத வாக்குவாதம். தவறே செய்யாத 33 வயதுக்காரரை வைத்துக்கொள்வதா, கை வலுவுள்ள 22 வயதுக்காரரை இறக்குவதா? எந்த அளவுகோலை வைத்துப் பேசினால் நியாயமாக இருக்கும்? – வாசகர், டல்லாஸ்

பதில்: முதலில் கேள்வியை இரண்டாக உடையுங்கள். 'இந்த ஆண்டு யார் இருந்தால் அதிகம் ஜெயிப்போம்' என்பது ஒன்று. 'அடுத்த நான்கு ஆண்டுகளில் யாரோடு அதிக தூரம் போவோம்' என்பது வேறொன்று. வாக்குவாதம் தீராததற்குக் காரணம், ஒருவர் முதல் கேள்விக்கும் மற்றவர் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதுதான்.

இதற்கு நல்ல உதாரணம், அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் ஆடும் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ். 2017 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் ஆண்டுத் தேர்வு) அந்த அணி 27-ஆவது இடத்திலிருந்து 10-ஆவது இடத்துக்கு ஏறி, டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. அதற்காக பஃபலோ பில்ஸ் அணிக்குக் கொடுத்த விலை: அந்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு, மூன்றாம் சுற்றுத் தேர்வு, அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு. அப்போது அங்கே ஆடிக்கொண்டிருந்தவர் அலெக்ஸ் ஸ்மித். அவர் 2005 டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவர். பின்னால் ஆள் வந்துவிட்டார் என்று தெரிந்த அந்த 2017-இல்தான் ஸ்மித் தன் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடினார்: 4,042 யார்டு, 26 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது), வெறும் 5 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது). எறிதலை மதிப்பிடும் பாஸர் ரேட்டிங் 104.7, லீகிலேயே முதலிடம்.

மஹோம்ஸ் அந்தப் பருவம் முழுக்க ஆடியது ஒரே ஒரு போட்டி. 2017 டிசம்பர் 31, டென்வரில். 35 எறிந்து 22 தன் ஆட்கள் கையில் சேர்ந்தன, 284 யார்டு, டச்டவுன் இல்லை, ஒரு இன்டர்செப்ஷன். ரேட்டிங் 76.4. தாளில் 104.7-ஐயும் 76.4-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரும் இளையவரைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தப் போட்டியைப் பிரித்துப் பாருங்கள். எறிந்த ஒவ்வொரு பந்துக்கும் சராசரி 8.1 யார்டு. 24–10 என்று முன்னிலையில் இருந்தபோது அவரை வெளியே எடுத்தார்கள். மாற்று ஆட்டக்காரர் வந்தபின் டென்வர் 24–24 என்று சமன் செய்தது. மஹோம்ஸைத் திரும்ப இறக்கினார்கள். கடைசி நிமிடங்களில் அவர் அணியை முன்னே நகர்த்திக்கொண்டு போக, நேரம் முடியும்போது கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுத்த ஃபீல்டு கோலில் 27–24 என்று வெற்றி. அடுத்த வாரம் பிளேஆஃபில் ஸ்மித் தலைமையில் இறங்கிய அணி 21–3 என்று முன்னிலையில் இருந்தும் டென்னசியிடம் 22–21 என்று தோற்றது. ஜனவரி முடிவதற்குள் ஸ்மித்தை வாஷிங்டனுக்கு அனுப்ப ஒப்பந்தம் ஆகிவிட்டது. பதிலுக்குக் கிடைத்தது ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வும், கெண்டல் ஃபுல்லர் என்ற தற்காப்பு ஆட்டக்காரரும்.

2018-இல் மஹோம்ஸ் 5,097 யார்டு, 50 டச்டவுன், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது. இந்த ஒப்பீடு மதிப்புள்ளது ஏனென்றால் பயிற்சியாளர் ஆண்டி ரீட், பந்து பிடிக்கும் டைரீக் ஹில், டிராவிஸ் கெல்சி எல்லோரும் இரண்டு ஆண்டும் அதே ஆட்கள். சாமி வாட்கின்ஸ் புதிதாக வந்ததைத் தவிர பெரிய மாற்றமில்லை. வெவ்வேறு அணிகளில் ஆடும் இருவரை எண்களால் ஒப்பிடுவதில் பாதி உழைப்பு சூழ்நிலையைக் கழிப்பதிலேயே போய்விடும். இங்கே அந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை.

கேள்வி: பாஸர் ரேட்டிங் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? 104-க்கும் 113-க்கும் உண்மையில் எவ்வளவு தூரம்? – கணித ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: நான்கு துண்டுகள். எல்லாமே எறிந்த மொத்த எண்ணிக்கையால் வகுத்தவை.

ஒன்று, சேர்ந்த பாஸ் விகிதத்திலிருந்து 0.3 கழித்து 5-ஆல் பெருக்குங்கள். இரண்டு, ஒரு பாஸுக்கான யார்டிலிருந்து 3 கழித்து 0.25-ஆல் பெருக்குங்கள். மூன்று, டச்டவுன் விகிதத்தை 20-ஆல் பெருக்குங்கள். நான்கு, இன்டர்செப்ஷன் விகிதத்தை 25-ஆல் பெருக்கி, அதை 2.375-இலிருந்து கழியுங்கள். எந்தத் துண்டும் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் 2.375-க்கு மேலேயும் போகக் கூடாது. நான்கையும் கூட்டி, 6-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் ரேட்டிங். உச்சம் 158.3.

2017 ஸ்மித்: 505-இல் 341 சேர்ந்தன. துண்டுகள் 1.876, 1.251, 1.030, 2.127. கூட்டினால் 6.284, ரேட்டிங் 104.7.

2018 மஹோம்ஸ்: 580-இல் 383, இன்டர்செப்ஷன் 12. துண்டுகள் 1.802, 1.447, 1.724, 1.858. கூட்டினால் 6.831, ரேட்டிங் 113.8.

முதல் துண்டையும் நான்காவது துண்டையும் கவனியுங்கள். இரண்டிலும் ஸ்மித்தான் மேலே! பந்தைச் சேர்ப்பதிலும், எதிரணிக்குக் கொடுக்காமல் இருப்பதிலும் பழையவரே சிறந்தவர். இளையவர் ஜெயித்தது தூரத்திலும் புள்ளியிலும். இந்த வடிவத்தைப் பல ஜோடிகளில் பார்க்கலாம். ஆகவே 'தவறு குறைவு' என்ற ஒரே காரணத்தை வைத்துப் பேசுபவர் எப்போதும் மூத்தவர் பக்கமே போய் நிற்பார்.

இந்தச் சூத்திரத்தில் பெரிய ஓட்டைகளும் உண்டு. பந்தோடு பிடித்து வீழ்த்தப்படும் சாக் இதில் கணக்கே இல்லை. காலால் எடுத்த யார்டு இல்லை, கைநழுவிய பந்து இல்லை. மூன்றாவது முயற்சியில் 9 யார்டு தேவைப்படும்போது 4 யார்டு பாஸ் ஒன்றைச் சேர்த்தால் சேர்ந்த விகிதம் ஏறும். அணியோ பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டு வெளியே போகும். அதனால் ஒப்பீட்டுக்கு நாங்கள் விரும்புவது இன்னொரு கணக்கு: மொத்த யார்டோடு டச்டவுன் ஒன்றுக்கு 20 கூட்டுங்கள், இன்டர்செப்ஷன் ஒன்றுக்கு 45 கழியுங்கள், சாக்கில் இழந்த யார்டையும் கழியுங்கள். வந்ததை எறிந்த எண்ணிக்கையும் சாக் எண்ணிக்கையும் சேர்ந்த தொகையால் வகுங்கள். 2018 மஹோம்ஸுக்கு 26 சாக், 171 யார்டு இழப்பு, விடை 8.89. சாக்கை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் ஸ்மித் 8.6, மஹோம்ஸ் 9.6. ஒரு பாஸுக்கு ஒரு யார்டு என்றால் சிறிதாகத் தெரியும். 35 பாஸ் எறியும் போட்டியில் அது 35 யார்டு, அதாவது ஃபீல்டு கோல் தூரத்துக்கு வெளியே நிற்பதற்கும் உள்ளே நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்.

கேள்வி: எங்கள் அணியின் இளைஞர் பாதிப் பருவத்தில் 10 இன்டர்செப்ஷன் கொடுத்துவிட்டார். இன்னும் பொறுக்க வேண்டுமா? – வாசகர், டொரான்டோ

பதில்: எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். இன்டர்செப்ஷனில் அதிர்ஷ்டத்தின் பங்கு மிக அதிகம். உண்மையான விகிதம் 2.5 சதவீதம் உள்ள ஒருவர் 300 பந்து எறிந்தால் எதிர்பார்ப்பது 7 அல்லது 8. ஆனால் திறமையில் எந்த மாற்றமும் இல்லாமலே, தற்செயலால் மட்டும் அது 5-ஆகவும் 10-ஆகவும் வரும். சேர்ந்த பாஸ் விகிதத்திலும் 300 எறிதல்களில் 3 புள்ளி அளவுக்கு ஊசலாட்டம் சாதாரணம்.

பத்தையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பார்த்துக் காரணத்தை எழுதுங்கள். பிடிப்பவர் கையில் பட்டு எகிறியதா? பிடிப்பவர் தவறான பாதையில் ஓடினாரா? இவை இரண்டையும் அடித்துவிடுங்கள். ஆட்டத்தின் கடைசி நொடியில் வேறு வழியில்லாமல் தூக்கி எறிந்ததையும் விட்டுவிடுங்கள். மிச்சம் உள்ளவை மூன்று வகை. நடுவில் பின்வாங்கி நின்ற தற்காப்பு ஆளைப் பார்க்கவே இல்லை என்றால், அது பார்வைப் பிழை. ஆட ஆடக் குறையும். பந்து எட்டாமல் விழுந்தது என்றால் கால்களைப் பாருங்கள்: முன்னங்காலை ஊன்றாமல் எறிந்திருந்தால் பயிற்சியில் திருத்தலாம், நன்றாக ஊன்றியும் எட்டவில்லை என்றால் கையின் எல்லையே அவ்வளவுதான். நெருக்கடி வந்ததும் பின்னங்காலில் சாய்ந்து எறிந்தது மூன்றாவது வகை. இதுதான் எங்களைக் கவலைப்பட வைக்கும். இதைப் பல பேர் கடைசிவரை விடுவதில்லை.

பொறுமைக்குச் சமீப கால உதாரணம் கிரீன் பே அணியின் ஜோர்டன் லவ். 2023-இல் முதல் ஒன்பது போட்டிகளில் 14 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன். அடுத்த எட்டில் 18 டச்டவுன், ஒரே இன்டர்செப்ஷன். எட்டுப் போட்டியும் சிறிய அளவுதான் என்பதையும் மறக்க வேண்டாம். முதல் பாதியை வைத்து அவரைத் தூக்கியிருந்தால் எவ்வளவு தவறோ, இரண்டாம் பாதியை வைத்து அவரைப் பெரிய மேதை என்பதும் அவ்வளவு தவறு.

மூத்தவருக்கும் இதே சோதனை உண்டு. அவருடைய இன்டர்செப்ஷன் குறைவாக இருந்தால், களத்தின் ஆழத்தில், அதாவது தொலைவில், தன் ஆள் தனியாக ஓடியும் எறியாமல் விட்ட முயற்சிகளை எண்ணுங்கள். எறியாத பந்து எந்தப் பட்டியலிலும் பிழையாக ஏறாது. ஆனால் அணிக்கு அது இழப்புதான்.

கேள்வி: வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் ரசிகன் இருவரையும் ஒழுங்காக ஒப்பிட முடியுமா? எதைக் குறித்துக்கொள்ள வேண்டும்? – வாசகர், சென்னை

பதில்: முடியும். ஆனால் நேரலைக் காட்சி போதாது. அது பந்தை மட்டுமே துரத்தும். ஆழத்தில் நிற்கும் தற்காப்பு ஆட்கள் சட்டத்துக்கு வெளியே இருப்பார்கள். 22 பேரும் தெரியும் உயரக் கோணப் பதிவை என்.எஃப்.எல். சந்தாச் சேவையில் தருகிறார்கள். அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா முயற்சிகளையும் பார்க்க வேண்டாம். மூன்றாவது முயற்சி, 7 யார்டுக்கு மேல் தேவை – இவற்றை மட்டும் பொறுக்குங்கள். முதல் முயற்சியில் பயிற்சியாளரின் திட்டமே குவாட்டர்பேக்குக்காகப் பாதி வேலையைச் செய்துவிடும்: ஓடுவதுபோல் ஏமாற்றுவது, பக்கவாட்டில் ஒரு யார்டு எறிந்து மற்றவரை ஓடவிடுவது. மூன்றாவது முயற்சியில் எறியப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரு பக்கம் ஏற்கெனவே ஜெயித்துவிட்டதுபோல் முடிந்துபோன ஆட்டத்தின் கடைசிப் பகுதியைச் சேர்க்காதீர்கள். அங்கே எதிரணி குறுகிய பாஸ்களை வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கும். இருவருக்கும் தலா 40, 50 முயற்சிகள் சேர்ந்தபின் பேசுங்கள்.

ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்.

முதல் கட்டத்தில், பந்து வருமுன் ஆழத்தில் எத்தனை பேர், பந்து வந்தபின் எத்தனை பேர் என்று எழுதுங்கள். இரண்டு பேர் நின்று, பந்து அசைந்ததும் ஒருவர் மட்டும் நடுவே போய், மற்றவர் கீழே இறங்கி வருவது இப்போது மிகச் சாதாரணமான ஏமாற்று. அனுபவசாலி இரண்டாவது அடி பின்வைக்கும்போதே அதைக் கண்டுபிடித்துத் தலையை மறுபக்கம் திருப்புவார். புதியவர் முதலில் நினைத்த இடத்துக்கே எறிவார், அல்லது அரை நொடி உறைந்து நிற்பார். அந்த உறைதலைக் குறியுங்கள்.

இரண்டாவது, முதல் ஆள் கிடைக்கவில்லை என்றால் இரண்டாவது, மூன்றாவது ஆளுக்குப் பார்வை போனதா. இதைக் கண்ணை விடக் காலில் எளிதாகப் பார்க்கலாம். பார்வை திரும்பும்போது பாதமும் கூடவே திரும்பினால் பழக்கமாகிவிட்டது என்று அர்த்தம். தலை மட்டும் திரும்பி, கால் பழைய பக்கமே நின்றால், பந்து விலகும்.

மூன்றாவது, பந்து வந்ததிலிருந்து கை விடும்வரை எத்தனை நொடி. நான்காவது, எதிராளி நெருங்கினாரா இல்லையா. ஐந்தாவது, அந்த நெருக்கடி எதில் முடிந்தது: பாஸ், ஓட்டம், வெளியே எறிதல், சாக்.

நான்காவதையும் ஐந்தாவதையும் சேர்த்து ஒரு விகிதம் எடுங்கள். நெருக்கடிகளில் எத்தனை சாக்காக முடிந்தன? பொதுவாக ஐந்தில் ஒன்று. நான்கில் ஒன்றைத் தாண்டினால் எச்சரிக்கை மணி. சாக்குக்கு, குவாட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வரிசையை மட்டும் குறைசொல்வது வழக்கம். ஆனால் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது குவாட்டர்பேக்கின் சொந்தக் குணம். அணி மாறினாலும் பெரும்பாலும் கூடவே போகும். கல்லூரியில் இந்த விகிதம் அதிகமாக இருந்த இளைஞரிடம், எவ்வளவு கை வலு இருந்தாலும், நாங்கள் கொஞ்சம் தள்ளியே நிற்போம்.

வழக்கமாக நடக்கும் தவறு, இளையவரின் சிறந்த பத்து எறிதல்களைத் தொகுப்புக் காட்சியில் பார்த்துவிட்டு மூத்தவரின் சராசரி நாளோடு ஒப்பிடுவது. தொகுப்பில் அரை நொடி உறைந்த காட்சி எதுவும் இருக்காது.

கேள்வி: கல்லூரியில் யார்டுகளைக் குவித்தவர்கள் லீகில் திணறுவது ஏன்? – மாணவர், மதுரை

பதில்: களமே கொஞ்சம் வேறு. அகலம் இரண்டிலும் 160 அடி. ஆனால் பந்தை வைக்கும் ஹாஷ் கோடுகளின் இடைவெளி கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அகலமான பக்கத்தைக் காக்கத் தற்காப்பு நீண்டு விரிய வேண்டியிருப்பதால், களத்தில் பாதியை மட்டும் பார்த்தே ஆடிவிடலாம். லீகில் பந்து எப்போதும் நடுவுக்கு அருகில். இரு பக்கமும் பார்த்தாக வேண்டும். விதியிலும் வேறுபாடு உண்டு: பாஸுக்கு முன் தடுப்பாளர்கள் கல்லூரியில் 3 யார்டு வரை முன்னேறலாம், லீகில் 1 யார்டுதான். ஓட்டமா பாஸா என்று எதிரணி குழம்பும் நேரம் லீகில் சுருங்கிவிடுகிறது.

எவ்வளவு ஆடினார் என்பதும் முக்கியம். சான் பிரான்சிஸ்கோ 2021-இல் மூன்றாவதாக எடுத்த டிரே லான்ஸ், வடக்கு டக்கோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எறிந்தது மொத்தமே 318 பாஸ். அவருக்காக அந்த அணி மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்தது. 2022-இல் இரண்டாவது போட்டியிலேயே கணுக்கால் முறிந்தது. ஓராண்டு கழித்து ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு டல்லாஸுக்குப் போனார். அந்த இடைவெளியில் வேலையைப் பிடித்தவர், 2022 டிராஃப்டின் கடைசித் தேர்வான, 262-ஆவது ஆள் பிராக் பர்டி.

எதிர்த்திசையிலும் நடக்கும். ஜோஷ் ஆலன் வயோமிங் கல்லூரியில் சேர்த்த விகிதம் 56.2 சதவீதம். லீகில் முதல் ஆண்டு 52.8, இரண்டாம் ஆண்டு 58.8, மூன்றாம் ஆண்டு 69.2. ஆனால் இவ்வளவு ஏற்றம் மிக அரிது. 'எங்கள் பையனும் ஆலன் மாதிரி வருவான்' என்று திட்டம் போடுவது ஆபத்து.

கேள்வி: 'இளைஞர்' என்று எந்த வயதைச் சொல்வது? – வாசகி, சிங்கப்பூர்

பதில்: பிறந்த தேதியை விட ஆடிய அளவைப் பாருங்கள். மேலே சொன்ன லான்ஸும், அட்லாண்டாவின் மைக்கேல் பெனிக்ஸும் 2000 மே மாதம் ஒரு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். லான்ஸ் 2021-இல் எடுக்கப்பட்டார், பெனிக்ஸ் 2024-இல். பின்னவர் தயாராக வந்தவர். அதே காரணத்தால் இன்னும் வளர இருக்கும் தூரமும் அவரிடம் குறைவு என்று கணக்கிட வேண்டும்.

கேள்வி: இளையவரை உட்காரவைத்துப் பழக்குவது நல்லதா, உடனே இறக்குவது நல்லதா? – வாசகர், நியூ ஜெர்சி

பதில்: ஆரன் ராட்ஜர்ஸ் 2005 முதல் மூன்று ஆண்டு பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் இருந்தார். 2010 பருவத்தில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார். லவ் அதே ராட்ஜர்ஸுக்குப் பின்னால் மூன்று ஆண்டு. மஹோம்ஸ் ஓராண்டு. மறுபக்கம், பேட்டன் மேனிங் 1998-இல் முதல் நாளே இறங்கி, 28 இன்டர்செப்ஷன் கொடுத்து, 3 வெற்றி, 13 தோல்வி (3–13) என்று முடித்தார். அடுத்த ஆண்டு அதே அணி 13–3. டிராய் எய்க்மேன் முதல் ஆண்டில் ஆடத் தொடங்கிய 11 போட்டியிலும் தோற்றார். ஆகவே உட்காருவது என்பதில் மந்திரம் எதுவும் இல்லை.

உட்கார்ந்திருப்பவர் வாரத்தில் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். பருவம் தொடங்கியபின் பயிற்சியில் முதல் அணியோடு ஆடும் வாய்ப்பு அநேகமாக முழுவதும் தொடக்க ஆட்டக்காரருக்கே. மாற்று ஆள், அடுத்து வரும் எதிரணியின் குவாட்டர்பேக் போல நடித்து, அட்டையில் வரைந்து காட்டும் திட்டத்தை எறிந்துகொண்டிருப்பார். தன் அணியின் திட்டத்தைத் தன் ஆட்களோடு ஆடிப் பார்ப்பதே இல்லை. இப்படிப் போனால் ஓராண்டில் கையும் வளராது, கண்ணும் வளராது. பயனுள்ள காத்திருப்பு என்றால் மூன்று வேலை வேண்டும்: கூட்டத்தில் மூத்தவரோடு சேர்ந்து திட்டம் போடுவது, பயிற்சி முடிந்தபின் கால் அசைவுக்குத் தனிப் பயிற்சி, தடுப்பு அறிவிப்புகளைத் தானே சத்தமாகச் சொல்லிப் பழகுவது.

தடுப்பு வரிசை பலவீனமாக இருந்தால் இறக்காதீர்கள். அடி வாங்கி வாங்கி, ஆட்களைப் பார்க்க வேண்டிய கண் பாய்ந்து வருபவரைப் பார்க்கத் தொடங்கிவிடும். அதைத் திருத்துவது கடினம்.

கேள்வி: சம்பளம் இந்த முடிவில் எவ்வளவு பங்கு வகிக்கிறது? – வாசகர், ஹூஸ்டன்

பதில்: பெரும் பங்கு. 2018-இல் ஓர் அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு 17 கோடியே 72 லட்சம் டாலர். அலெக்ஸ் ஸ்மித் அந்த ஆண்டு இருந்திருந்தால் அதில் 2 கோடியே 6 லட்சம் அவருக்கு. மஹோம்ஸின் நான்கு ஆண்டு ஒப்பந்தமே மொத்தம் சுமார் 1 கோடியே 64 லட்சம். இளையவருக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்துக் கொடுப்பது, மூத்தவருக்கு ஓராண்டு கொடுப்பதை விடக் குறைவு. லீகுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையே 2011-இல் ஆன ஒப்பந்தத்துக்குப் பிறகு புதியவர்களின் சம்பளம் எடுக்கப்பட்ட இடத்தைப் பொறுத்து வரையறுக்கப்பட்டுவிட்டதால் வந்த நிலை இது. மிச்சமான பணம் வாட்கின்ஸ் போன்றவர்களிடம் போனது.

அதனால் சரியான ஒப்பீடு 'மூத்தவர்' எதிர் 'இளையவர்' அல்ல; 'மூத்தவர்' எதிர் 'இளையவரோடு அந்தப் பணத்தில் வாங்கும் இரண்டு மூன்று நல்ல ஆட்கள்.' இந்தச் சலுகைக்குக் கெடு உண்டு. மூன்று பருவம் முடிந்ததும் புதிய ஒப்பந்தம் பேசலாம். மஹோம்ஸ் 2020 ஜூலையில் 45 கோடி டாலருக்குப் பத்து ஆண்டு நீட்டிப்பு பெற்றார். இளையவரை இரண்டு ஆண்டு உட்காரவைத்தால் மலிவான ஆண்டுகளில் பாதி போய்விடும்.

இரண்டு பக்கமும் பணம் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அட்லாண்டா 2024. மார்ச்சில் கர்க் கசின்ஸுக்கு நான்கு ஆண்டு, 18 கோடி டாலர், அதில் 10 கோடி உறுதி. ஏப்ரலில் எட்டாவது தேர்வில் பெனிக்ஸ். கசின்ஸ் 14 போட்டிகளில் 18 டச்டவுன், 16 இன்டர்செப்ஷன்; டிசம்பரில் வெளியே உட்காரவைத்தார்கள். முந்தைய ஆண்டுதான் அவருக்கு அகில்லிஸ் தசைநார் அறுந்திருந்தது. 36 வயதில் அப்படி ஒரு காயத்திலிருந்து வருபவரின் பழைய எண்களுக்கு முழு விலை கொடுக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: மூத்தவர் சரியத் தொடங்கிவிட்டார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சரிந்தாலும் அவரை வைத்து ஜெயிக்க முடியுமா? – வாசகர், கொழும்பு

பதில்: முதலில் போவது ஓரக்கோட்டை நோக்கி 15 யார்டு ஆழத்தில் எறியும் பந்தின் வேகம். நேராக முன்னே எறியும் நீளமான பந்தில் வளைவைக் கூட்டிச் சமாளிக்கலாம். ஓரத்துக்கு எறிவதில் சமாளிக்க வழியில்லை, தற்காப்பு ஆள் முன்னால் வந்து பிடித்துவிடுவார். அதன்பின் அணியே அந்தப் பாஸைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடும். ஆகவே அவர் எத்தனை சேர்த்தார் என்பதை விட, போன ஆண்டு அந்தப் பாஸை எத்தனை முறை எறிந்தார், இந்த ஆண்டு எத்தனை முறை என்று பாருங்கள்.

பேட்டன் மேனிங் டென்வரில் 2014-இல் 39 டச்டவுன், 15 இன்டர்செப்ஷன். 2015-இல் 9 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன். அந்த நவம்பரில் கான்சாஸ் சிட்டிக்கு எதிராக 20-இல் 5 மட்டும் சேர்த்து, 4 இன்டர்செப்ஷன் கொடுத்தபின் வெளியே எடுக்கப்பட்டார். மூன்று ஆண்டுக்கு மேல் அவருக்குப் பின்னால் காத்திருந்த பிராக் ஆஸ்வைலர் வந்து ஏழு போட்டியில் ஐந்தை வென்றார். எண்களின்படி இளையவர்தான் ஆட வேண்டும். ஆனால் கடைசிப் போட்டியில் அணி பின்தங்கியபோது பயிற்சியாளர் கேரி கூபியாக் மேனிங்கைத் திரும்ப இறக்கி, பிளேஆஃப் முழுக்க அவரையே வைத்துக்கொண்டார். சூப்பர் பவுலில் மேனிங் எறிந்து சேர்த்தது 13, மொத்தம் 141 யார்டு, டச்டவுன் இல்லை. டென்வர் 24–10 என்று வென்றது.

அந்த அணியின் தற்காப்பு அவ்வளவு வலுவானது. அதற்கு வேண்டியிருந்தது தூரம் எறியும் கை அல்ல. எதிரணி நிற்பதைப் பார்த்து, மோசமான திட்டத்தைக் கடைசி நொடியில் மாற்றி, பந்தைக் கொடுக்காமல் உதைத்துவிட்டுப் போகும் ஆள். அது அந்த ஆண்டுக்கு மட்டுமான விடை. மேனிங் உடனே ஓய்வு பெற்றார்.

ஆஸ்வைலருக்கு ஹூஸ்டன் நான்கு ஆண்டு, 7 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தது. 2016-இல் 15 டச்டவுன், 16 இன்டர்செப்ஷன். அடுத்த மார்ச்சில் அவரை எடுத்துக்கொள்வதற்காக கிளீவ்லாண்டுக்கு ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏழு போட்டி, உச்சத்தில் இருந்த தற்காப்பு, வேறொருவருக்காகக் கட்டிய அணி: அந்த எண்களில் எவ்வளவு அவருடையது என்று ஹூஸ்டன் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் அணி வெளியிலிருந்து ஒரு மாற்று ஆளை வாங்கும்போது மேலே சொன்ன ஐந்து கட்டத் தாளை எடுத்து, அவர் ஆடிய மூன்றாவது முயற்சிகளை மட்டும் போட்டுப் பாருங்கள்.